நடக்க முடிந்தவருக்கு எதற்கு வண்டி?

நடக்கச் சிரமப்படுகிறவர்கள் உட்கார்ந்து ஓட்டும் சிறிய மின்வண்டியான மொபிலிட்டி ஸ்கூட்டரை வாங்கப்போகிறேன் என்று சொன்னதும் வீட்டிலும் வெளியிலும் எல்லோரும் கேட்டது ஒரே கேள்விதான்: "நீங்கள்தான் நடக்கிறீர்களே, பிறகு எதற்கு?" கேட்டவர்கள் அத்தனை பேரும் என் மேல் அக்கறை உள்ளவர்கள். அந்தக் கேள்வியில் ஒரு பாராட்டும் இருந்தது, ஒரு பயமும் இருந்தது. வண்டியில் உட்கார்ந்துவிட்டால் இருக்கிற நடையும் போய்விடும் என்கிற பயம். அது எனக்கும் இருந்தது என்பதால் பதில் சொல்லக் கொஞ்சம் திணறினேன்.

சிறு வயதில் போலியோ தாக்கிய கால் என்னுடையது. முதலில் காலிப்பர் என்கிற கால் தாங்கி, பிறகு ஊன்றுகோல் என்று பள்ளி, வேலை, குடும்பம் எல்லாவற்றையும் நடந்தே கடந்தவன். ஐம்பதைத் தாண்டிய பிறகு, நல்ல கால் என்று நான் நம்பியிருந்த காலும் தளரத் தொடங்கியது. போலியோவுக்குப் பிந்தைய நோய்க்குறி என்றார் மருத்துவர். போலியோ வந்து தேறிய பிறகு, பெரும்பாலும் 15 முதல் 40 ஆண்டுகள் கழித்து, புதிதாகப் பலவீனமும் சோர்வும் தசைவலியும் தலைகாட்டுகிற நிலை இது. அன்று அழிந்த நரம்புச் செல்களின் வேலையை, பிழைத்த செல்கள் புதுக் கிளைகள் விட்டு இத்தனை காலம் சேர்த்துச் செய்திருக்கின்றன; அந்தக் கூடுதல் சுமையில் அவை ஓய்ந்துபோகின்றன என்பது பரவலாக ஏற்கப்பட்டிருக்கும் விளக்கம். முயன்றால் முடியும் என்று வளர்ந்தவனிடம், தசையை வருத்தாதீர்கள், மிச்சம் பிடியுங்கள் என்று ஒரு மருத்துவர் சொன்னால் எப்படி இருக்கும்? எனக்குக் கோபம்தான் வந்தது.

கோபம் தணிந்த பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு நாளைக்கு இவ்வளவுதான் நடக்கலாம் என்று ஒரு கையிருப்பு இருக்கிறது. அதில் பெரும்பகுதியை வாசலிலிருந்து போக வேண்டிய இடத்தின் வாசல் வரைக்குமே கொட்டிவிடுகிறேன். உள்ளே போனதும் நிற்கத் தெம்பில்லாமல் நாற்காலி தேடுகிறேன். நூலகத்துக்குப் போய் அலமாரிகளைப் பார்க்காமல் திரும்பியது உண்டு. வண்டியை நான் வாங்கியது நடையை விடுவதற்காக அல்ல, அதை வேறு இடத்தில் செலவழிப்பதற்காக.

இந்த வண்டிகள் உருவானதே இப்படிப்பட்டவர்களுக்காகத்தான். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் பிளம்பிங் தொழில் செய்துவந்த ஆலன் தீம் என்பவர், மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோயால் நடக்கச் சிரமப்பட்ட தம் குடும்பத்தவர் ஒருவருக்காக 1968-இல் ஒரு மின்வண்டியைச் செய்தார். இன்றைய மொபிலிட்டி ஸ்கூட்டர்களுக்கு முன்னோடி அது. தானாக ஏறி இறங்கவும், முதுகை நிமிர்த்தி உட்காரவும், இரண்டு கைகளாலும் ஸ்டியரிங் தண்டைத் திருப்பவும் முடிந்தவர்களுக்கே இந்த அமைப்பு பொருந்தும். அது முடியாதவர்களுக்கு மின் சக்கர நாற்காலிதான் சரி. இரண்டையும் ஒன்றென்று நினைத்து விளம்பரத்தைப் பார்த்து வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அதற்கு முன்னால் ஓர் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்டையோ (அன்றாட வேலைகளைச் செய்ய உதவும் சிகிச்சையாளர்) பிசியோதெரபிஸ்ட்டையோ ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

தேர்வைப் பற்றி நீட்டி எழுத ஆசையில்லை. மூன்று சக்கர வண்டி குறுகிய இடத்தில் திரும்பும், கால் நீட்டவும் இடம் தரும். ஆனால் வேகமாகத் திருப்பினால் சாயும். நான்கு சக்கரம் நிலையானது, திரும்ப அதிக இடம் கேட்கும். எனக்கு ஒரு பக்கம் பலமில்லை, உடம்பைச் சட்டென்று மறுபக்கம் சாய்த்துச் சமன்செய்ய வராது என்பதால் நான்கு சக்கரம். கைவிரல் மூட்டுகளில் வலி உள்ளவர்கள் வளையம் போல் வளைந்த டெல்டா வடிவக் கைப்பிடியைக் கேட்டுப் பார்க்கலாம். வண்டியை ஓட்டும் லீவரைக் கட்டைவிரலால் தள்ளுவதற்குப் பதில் மற்ற விரல்களால் இழுத்தும் ஓட்ட முடியும். வீட்டின் மிகக் குறுகிய கதவை அளந்து குறித்துக்கொண்டு போங்கள். வண்டி தாங்கும் எடை என்று போட்டிருப்பதில் உங்கள் எடையோடு பையின் எடையும் ஊன்றுகோலின் எடையும் சேர்த்தி.

இனி ஓட்டுவது. கைப்பிடியின் இரு புறமும் நீட்டிக்கொண்டிருக்கும் லீவர்தான் எல்லாமே. என் வண்டியில் வலது கட்டைவிரலால் அழுத்தினால் முன்னால், இடதால் அழுத்தினால் பின்னால். விட்டுவிட்டால் வண்டி மெதுவாகி நிற்கும். நின்றதும் மின்காந்த பிரேக் தானாகப் பூட்டிக்கொள்ளும். தனியாகப் பிரேக் பிடிக்கத் தேவையில்லை. கேட்க எளிமையாக இருக்கிறது. சிக்கல் கையில் இல்லை, பழக்கத்தில் இருக்கிறது. சைக்கிளோ மோட்டார் சைக்கிளோ ஓட்டிய கை, ஆபத்து என்றால் இறுக்கிப் பிடிக்கும். பதற்றத்தில் யாருடைய கையும் இறுக்கத்தான் செய்யும். இந்த வண்டியில் இறுக்கினால் அது இன்னும் வேகமாகப் போகும். நிற்க வேண்டுமென்றால் விட வேண்டும்.

ஆகவே நான் முதலில் பழகியது ஓட்டுவதை அல்ல, நிறுத்துவதை. ஆள் இல்லாத ஒரு திறந்த வெளியில், வேகக் குமிழை ஆமைப் படம் போட்ட கடைசி வரை திருப்பிவைத்துக்கொண்டு, என் மனைவி பக்கத்தில் நடந்துவர, அவர் எதிர்பாராத நேரத்தில் "விடுங்கள்!" என்று சத்தம் போடுவார். உடனே இரண்டு கட்டைவிரல்களையும் தூக்க வேண்டும். வேடிக்கையாகத்தான் இருந்தது, பார்த்துக்கொண்டிருந்த சிறுவர்களும் சேர்ந்து கத்தத் தொடங்கினார்கள். கை யோசிக்காமல் விடுகிற வரைக்கும் வேகக் குமிழை நான் தொடவில்லை. லீவரை விட்டதும் வண்டி அதே இடத்தில் நிற்பதில்லை, சற்றே உருண்டுதான் நிற்கும் என்பதும் அப்போதுதான் உடம்புக்குத் தெரிந்தது. அந்தச் சின்ன உருளலுக்கு இடம் விட்டுத்தான் முன்னால் நிற்பவரை நெருங்க வேண்டும். வேகம் கூடக்கூட அந்த இடைவெளியும் கூடும்.

அடுத்தது திரும்புவது. முன்சக்கரம் போன பாதையில் பின்சக்கரம் வருவதில்லை. உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். கதவு நிலைகளில் பின்மூலை இடிப்பது இதனால்தான். முன்பக்கம் கதவைத் தாண்டிவிட்டது என்று உடனே திருப்பாமல், இருக்கையும் தாண்டிய பிறகே திருப்ப வேண்டும். காலி அட்டைப்பெட்டிகளை வரிசையாக வைத்து இடையில் வளைந்து வளைந்து ஓட்டிப் பழகுவது நல்ல பயிற்சி. இடித்தால் பெட்டிக்குத்தான் நஷ்டம். லிஃப்டில் பெரும்பாலும் உள்ளே திரும்ப இடம் இருக்காது. நேராக உள்ளே போய்ப் பின்னால் வெளியே வருவது ஒரு வழி. வெளியிலேயே திரும்பி நின்று பின்னோக்கி உள்ளே போவது இன்னொரு வழி. நான் முதலாவதையே தேர்ந்தெடுப்பேன். ஆள் நிறைந்த லிஃப்டுக்குள் பின்னோக்கி நுழைகிறவனை யாரும் மன்னிப்பதில்லை.

ஏறி இறங்குவதைப் பற்றி ஒரே ஒரு விதிதான், ஆனால் அதில் விலக்கு கிடையாது. சாவியை அணைத்துவிட்டுத்தான் ஏற வேண்டும், அணைத்துவிட்டுத்தான் இறங்க வேண்டும். எழுந்திருக்கும்போது கை தானாக ஸ்டியரிங் தண்டைப் பிடிக்கும். மின்சாரம் இருந்தால் உள்ளங்கை லீவரில் பட்டு, நீங்கள் பாதி எழுந்த நிலையில் வண்டி நகரும். சட்டைக் கையோ, தண்டில் மாட்டிய பையின் வாரோ கூட லீவரைத் தள்ளிவிடும். எனவே தண்டில் பை மாட்டுவதில்லை. இருக்கையைப் பக்கவாட்டில் திருப்ப முடிந்தால் திருப்பி, அது பூட்டிக்கொண்டதா என்று அசைத்துப் பார்த்து, கைதாங்கியை ஊன்றி எழுவது சௌகரியம். தண்டைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு எழுந்தால் அதன் மூட்டு நாளடைவில் தளர்ந்துபோகும்.

சரிவுகளில்தான் எனக்கு உண்மையான மரியாதை வந்தது. நடக்கும்போது படியைத்தான் எதிரியாக நினைத்திருந்தேன். சரிவு கண்ணில் பட்டதே இல்லை. வண்டியில் உட்கார்ந்தவனுக்கு எல்லா இடமும் சரிவாகத் தெரிகிறது. நடைபாதைகூட மழைநீர் வடிவதற்காகச் சாலைப் பக்கம் சற்றுச் சாய்ந்திருக்கும். வண்டி அந்தப் பக்கமே இழுத்துக்கொண்டு போகும். ஏறும்போது உடம்பை முன்னால் சாய்க்க வேண்டும், இறங்கும்போது பின்னால். ஏறுவதும் இறங்குவதும் நேர்க்கோட்டில்தான். சரிவின் குறுக்கே போவதும் நடுவில் திரும்புவதும் வண்டியைக் கவிழ்க்கும் வழிகள். சாய்தளங்களுக்குப் பரவலாகச் சொல்லப்படும் அளவு 12-க்கு 1, அதாவது ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம். கோணத்தில் ஏறக்குறைய 5 பாகை. சின்ன வண்டிகள் பலவும் அதற்குச் சற்று மேலே வரைதான் தாங்கும். உங்கள் வண்டியின் எல்லை கையேட்டில் இருக்கும். அதைவிடச் செங்குத்தாகச் சிமெண்ட் பூசிவிட்டு, இதோ சாய்தளம் என்று சொல்கிற கட்டடங்கள் ஏராளம். அவற்றின் முன்னால் நின்று "இது முடியாது" என்று சொல்ல வெட்கப்படத் தேவையில்லை. முதுகுப்புறம் கனமான பையை மாட்டிக்கொண்டு செங்குத்தில் ஏறினால் முன்சக்கரம் எழும்பும். கனத்தை முன்கூடையிலும் கால் வைக்கும் தளத்திலும் வையுங்கள்.

நடைபாதை விளிம்புகளும் அப்படியே. கோணலாக ஏறினால் ஒரு சக்கரம் மேலே, ஒரு சக்கரம் கீழே என்று தொங்கும். எத்தனை உயரம் ஏறலாம் என்பது வண்டிக்கு வண்டி மாறும். சிறியவற்றுக்குச் சில சென்டிமீட்டர்தான். வண்டி பின்னால் சாயாமல் இருக்கப் பின்புறம் வைத்திருக்கும் குட்டிச் சக்கரங்கள், விளிம்பில் மாட்டிக்கொண்டு பின்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கிவிடுவதும் உண்டு. எனக்குத் தெரிந்த ஒரே தீர்வு, விளிம்பு தாழ்த்தப்பட்ட இடம் எங்கே இருக்கிறது என்று முன்கூட்டியே தெரிந்துகொள்வது. அடிக்கடி போகும் வழிகளை முதலில் ஒருவர் துணையோடு ஓட்டிப் பார்த்து, எந்தப் பக்கம் ஏறலாம், எங்கே இறங்கலாம் என்று மனத்தில் வரைந்துகொண்டேன். சுற்றுவழிதான். ஆனால் சுற்றுவது வண்டி, கால் இல்லை.

வீட்டில் உள்ள எல்லோருக்கும் காட்டித்தர வேண்டியது ஃப்ரீவீல் லீவர். வண்டி நின்றுபோனால் பிரேக் பூட்டியிருக்கும், எத்தனை பேர் தள்ளினாலும் நகராது. பெரும்பாலும் பின்சக்கரத்தின் பக்கத்தில் இருக்கும் அந்த லீவரைத் தள்ளினால் மோட்டார் விடுபட்டு வண்டி உருளும். அதே காரணத்தால், சரிவில் அதைத் தொடவே கூடாது. பிரேக் இல்லாத வண்டி உங்களோடு கீழே போகும். தள்ளி முடித்ததும் லீவரைப் பழைய நிலையில் வைக்காவிட்டால் வண்டி ஓடாது. பழுது என்று கடைக்காரரை அழைப்பதற்கு முன்னால் இதைப் பார்த்துவிடுங்கள்.

பேட்டரிக்கு வருவோம். பல வண்டிகளில் 12 வோல்ட் ஈய-அமில பேட்டரிகள் இரண்டை இணைத்து 24 வோல்ட் ஆக்கியிருப்பார்கள். இவை சீல் செய்யப்பட்டவை, தண்ணீர் ஊற்றும் வேலை இல்லை. ஆனால் காலியாகக் கிடப்பது இவற்றுக்கு ஆகாது. தகடுகளில் சல்பேட் படிந்து இறுகி, கொள்ளளவு நிரந்தரமாகக் குறைந்துவிடும். முழுக்கத் தீர்ந்த பிறகுதான் சார்ஜ் போட வேண்டும் என்ற பழைய அறிவுரை இங்கே கெடுதல். வெளியே போய்வந்த ஒவ்வொரு நாளும் இரவு முழுக்க சார்ஜில் போடுகிறேன். போகாத வாரங்களிலும் இடையில் ஒருமுறை. லித்தியம் பேட்டரி எடை குறைவு, நடுவில் எப்போது வேண்டுமானாலும் சார்ஜ் செய்யலாம்; வண்டியோடு வந்த சார்ஜரை மட்டுமே பயன்படுத்த வேண்டும், தூங்கும் நேரத்தில் போடாமல் இருப்பது நல்லது. எந்த வகையாக இருந்தாலும், வீட்டை விட்டு வெளியேறும் ஒரே வழியில் வண்டியை நிறுத்தி சார்ஜ் போடாதீர்கள். தீப்பிடித்தால் தப்பிக்கிற வழியே அடைபட்டுவிடும், அதுவும் வேகமாக ஓட முடியாதவர் வீட்டில்.

விளம்பரத்தில் போட்டிருக்கும் தூரத்தை நம்ப வேண்டாம். சமதரையில், எடை குறைந்த ஒருவர், புது பேட்டரியோடு, நிற்காமல் ஓட்டினால் வருகிற தூரம் அது. மேடு, குளிர், காற்றிறங்கிய டயர், அடிக்கடி நின்று கிளம்புவது எல்லாம் அதைத் தின்றுவிடும். மேட்டில் ஏறும்போது அளவுகாட்டி சட்டென்று இறங்கி, சமதரைக்கு வந்ததும் மேலே வரும். அதைப் பார்த்துப் பதற வேண்டாம், சமதரையில் காட்டுவதுதான் கணக்கு. என் வழக்கம், மூன்றில் ஒரு பங்கு தீர்ந்ததும் திரும்பிவிடுவது. வர ஒரு பங்கு, தொடாமல் வைத்திருக்க ஒரு பங்கு. கஞ்சத்தனம் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். நடுவழியில் நின்றால் இறங்கி நடந்துவிடக்கூடியவர்கள் அவர்கள்.

மனிதர்களைப் பற்றி யாரும் முன்னெச்சரிக்கை தரவில்லை. உட்கார்ந்ததும் என் உயரம் குறைந்தது, கூடவே வயதும் அறிவும் குறைந்துவிட்டதாகப் பலர் எடுத்துக்கொள்கிறார்கள். கவுண்டரில் நான் கேட்ட கேள்விக்குப் பதில் என் மனைவியிடம் சொல்லப்படும். அவர் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்: பதில் சொல்லாமல் என்னைத் திரும்பிப் பார்ப்பார். கவுண்டரில் இருப்பவரும் வேறு வழியில்லாமல் என்னைப் பார்ப்பார். குழந்தைகள் பரவாயில்லை, எவ்வளவு வேகம் போகும், ஹாரன் உண்டா என்று நேராக என்னிடமே கேட்டுவிடுகிறார்கள். கைப்பேசியைப் பார்த்தபடி நடப்பவர்கள்தான் பெரிய தொல்லை. அவர்களுடைய கடைக்கண்ணில் ஆளுயரத்தில் வருவது மட்டுமே படுகிறது. வண்டிக்குச் சத்தமும் இல்லை. ஹாரன் அடித்தால் கோபித்துக்கொள்கிறார்கள், அடிக்காவிட்டால் மடியில் விழுகிறார்கள். குரல் கொடுப்பதே நல்லது என்று முடிவுசெய்தேன்.

கூட நடப்பவரோடு சேர்ந்து போவதும் பழக வேண்டிய ஒன்று. வளர்ந்தவர்களின் நடை சுமார் மணிக்கு 5 கிலோமீட்டர். நடைபாதை வண்டிகள் பெரும்பாலும் அதற்குச் சற்று மேலே போகும். ஆயுள் முழுக்க மனைவியை எனக்காக நின்று நின்று வரவைத்தவன், திடீரென்று அவரைப் பின்னால் விட்டுவிட்டுப் போகும் நிலைக்கு வந்துவிட்டேன். அவருடைய வேகத்துக்கு எந்த அளவு ஒத்துவருகிறது என்று பார்த்து, வேகக் குமிழில் அந்த இடத்துக்கு நேராக ஒரு பொட்டு ஒட்டினார். கூட்டத்தில் போகும்போதும் அந்தப் பொட்டுக்குக் கீழேதான்.

பிறகு, எழுந்து நிற்கும் விவகாரம். வண்டியை நிறுத்தி, சாவியை அணைத்து, ஊன்றுகோலை எடுத்து நான் நாலடி நடந்தால் பார்ப்பவர்கள் முகம் மாறுகிறது. ஏதோ ஏமாற்றுக்காரனைப் பிடித்துவிட்ட பார்வை. நடக்கவே முடியாதவர்கள், நடக்கிறவர்கள் என்று இரண்டே வகைதான் இருப்பதாக உலகம் நினைக்கிறது. கொஞ்சம் நடக்கக்கூடியவர்கள், சில நாள் மட்டும் நடக்கக்கூடியவர்கள், நடந்தால் மறுநாள் படுக்கையில் கிடப்பவர்கள் எல்லாம் அதன் கணக்கில் இல்லை. முதலில் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது சொல்வதில்லை. விளக்கம் சொல்லவும் நின்றுகொண்டுதானே இருக்க வேண்டியிருக்கிறது!

விமானத்தில் வண்டியைக் கொண்டுபோக விரும்புகிறவர்கள் வாங்கும்போதே பேட்டரியைக் கவனிக்க வேண்டும். பேட்டரியில் குறித்திருக்கும் வோல்ட்டை ஆம்பியர்-மணியால் பெருக்கினால் வாட்-மணி, அதாவது அது தேக்கிவைக்கும் ஆற்றலின் அளவு வரும். 24 வோல்ட், 12 ஆம்பியர்-மணி என்றால் 288. கழற்றக்கூடிய லித்தியம் பேட்டரி ஒன்று 300 வாட்-மணிக்கு மேல் போகக்கூடாது. வண்டி இரண்டு பேட்டரிகளில் ஓடுவதாக இருந்தால் ஒவ்வொன்றும் 160-க்குள் இருக்க வேண்டும். கழற்றிய பேட்டரி சரக்குப் பகுதிக்குப் போகாது, உங்களோடு கேபினில்தான் வரும். விமான நிறுவனத்தின் ஒப்புதலை முன்கூட்டியே வாங்க வேண்டும், அதை எழுத்தில் வாங்கிக் கையில் வைத்துக்கொள்வது நலம். ஃப்ரீவீல் லீவர் எங்கே, சாவி எங்கே என்று ஒரு தாளில் எழுதி வண்டியிலேயே ஒட்டிவிடுங்கள். அதை ஏற்றி இறக்குபவருக்கு உங்களைக் கேட்க நேரமிருக்காது. காரில் கொண்டுபோக, பிரிக்கக்கூடிய வண்டி என்று விற்கிறார்கள். பிரித்த பாகங்களில் மிகக் கனமானதன் எடை எவ்வளவு என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. தூக்கப்போவது யார் என்பது அடுத்தது.

இருந்த நடை போய்விடுமோ என்ற பயம் வீணானதல்ல. எல்லாவற்றுக்கும் வண்டியிலேயே போய்க்கொண்டிருந்தால் தசை தளரத்தான் செய்யும். எனவே வீட்டுக்குள் வண்டி கிடையாது. வெளியே, போய்ச் சேர்ந்த இடத்தில் வண்டியை வாசலருகே நிறுத்திவிட்டு உள்ளே நடக்கிறேன். களைப்புக்கு முன்பே உட்கார்ந்துவிடுகிறேன். பிசியோதெரபிஸ்ட் சொல்லிக்கொடுத்த பயிற்சிகள் தனியாக நடக்கின்றன. வலியோ மறுநாள் சோர்வோ வந்தால் அளவைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார். நூலகத்தில் இப்போது மேல்தட்டுப் புத்தகங்கள் வரை பார்க்கிறேன்.

உட்கார்ந்தே இருப்பதில் வேறு தொல்லைகள் உண்டு. நீண்ட நேரம் தொங்கவிட்டால் பாதம் வீங்குகிறது, அதனால் இடையிடையே நிறுத்திக் காலை அசைத்துக்கொள்கிறேன். போலியோ தாக்கிய கால் மற்றதைவிடச் சீக்கிரம் குளிர்ந்துபோகும். நடக்கும்போது தெரியாதது உட்கார்ந்தால் நன்றாகத் தெரிகிறது. அதற்காக முன்கூடையில் ஒரு மெல்லிய போர்வை வைத்திருக்கிறேன். போர்த்திக்கொண்டதும் அதன் ஓரங்களைத் தொடைக்கு அடியில் செருகிவிட வேண்டும், இல்லாவிட்டால் சக்கரத்தில் சிக்கும்.